விடிய விடிய நடக்கும் கோயில் கொடைத் திருவிழா நாடகத்தில் கடைசி சீன் வரை தெம்பு குறையாமல், வேஷம் கலையாமல் நடிப்பது எப்படி?

எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். அம்மன் கோயில் கொடைக்கு மறுநாள் ராத்திரி ஊர்க்காரர்களே சேர்ந்து கட்டபொம்மன் நாடகம் போடுவோம். பத்து மணிக்குப் படுதா ஏறினால், கயத்தாற்றுத் தூக்குமர சீன் வரும்போது மணி மூன்றரை. கட்டபொம்மன் வேஷத்தை ஒன்பது வருஷமாகக் கட்டுகிறேன்.

1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் வெள்ளைக்கார மேஜர் பானர்மன் தூக்கில் போட்ட மனுஷரை, நம் உடம்பு ரொம்ப அசந்துபோயிருக்கிற நேரத்தில்தான் நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கயத்தாறு எங்களுக்கு பஸ்ஸில் போய் வருகிற தூரம். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற ஆச்சிமாருக்குக் கதை முழுக்க அத்துபடி. அந்த இடத்தில் தோள் தொய்ந்தால் அவர்களுக்குப் பொறுக்காது.

முதல் வருஷம் அரசவைக் கொலு சீனிலேயே தொண்டையைக் கொட்டித் தீர்த்துவிட்டேன். விசில் பறந்தது. ராமநாதபுரத்தில் ஜாக்சன் துரையைப் பார்க்கிற சீனில் குரல் பிசிறடித்தது. தூக்குமரத்தடியில் வெறும் காற்றுதான் வந்தது. மறுநாள் நாடக வாத்தியார் கூப்பிட்டு, "ஏல, வசனம் பேசும்போது நீ ராசா. பேசாம நிக்கும்போது யாரு? அங்கதாம்ல தெம்பு ஒழுகுது" என்றார்.

அதுதான் உண்மை. கட்டபொம்மனின் மந்திரி தானாபதிப் பிள்ளை நீளமாகப் பேசும்போது நான் கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடிக்கொண்டு, அடுத்த வசனத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வெளியே போய்விட்டுத் திரும்ப வேஷத்துக்குள் ஏறுவது, நின்றுபோன வண்டியைத் தள்ளிக் கிளப்புகிற மாதிரி. நாலு தடவை தள்ளினால் ஆள் காலி. இப்போது அவர் பேசுவதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிற மாதிரி கேட்கிறேன். வலது கை கட்டைவிரல் வாள் பிடியின் பித்தளைக் குமிழ்மேல் இருக்கும். பிள்ளை கோபமாகச் சொல்கிற இடத்தில் அது தன்னால் அழுந்தும். கூட்டத்தில் குழந்தை அழுதால், மைக் கூவினால், சபையில் ஏதோ சத்தம் என்று ராஜா திரும்பிப் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. அதோடு சரி.

படுதாவுக்குப் பின்னால்தான் பாதிப்பேர் கலைந்துபோகிறார்கள். போட்டோ, அரட்டை, போன். நான் அரிதாரம் பூச உட்காரும் முன்பே போனை மருமகன் கையில் கொடுத்துவிடுவேன். சாய்ந்து உட்கார மாட்டேன். முதுகு சாய்ந்தால் தூக்கம் வந்துவிடும். டிரங்குப் பெட்டிமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, படுதாவுக்கு அந்தப் பக்கம் நடக்கிற வசனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்தது சாப்பாடு. கிடாக்கறியை மத்தியானத்தோடு நிறுத்திவிடுங்கள், அது ரொம்ப முக்கியம். மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை தூக்கம், ஏழு மணிக்கு ரெண்டு இட்லி. ராத்திரி முழுக்க சுக்கும் கருப்பட்டியும் போட்ட வெந்நீர், ஒவ்வொரு மடக்காக. ஐஸ் சோடா பக்கமே போகாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் முக்கால் குரல் போதும், மீதியை மைக் பார்த்துக்கொள்ளும்.

கடைசி சீனுக்கு முன்னால் யாரிடமும் பேச மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மேடைக்குப் பின்னால் வெறும் மண்ணில் கொஞ்ச நேரம் நிற்பேன். மருமகன் வந்து கையைக் கட்டுவான். வலிக்கும் என்று முதலில் தயங்கினான். "இறுக்கிக் கட்டுல" என்று சொல்லியிருக்கிறேன். கயிறு மணிக்கட்டை அழுத்தும்போது தோள் தானாக நிமிர்ந்துவிடும்.