ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி கேம்ல (பெரிய உலகத்துல ஒரு கேரக்டரா இஷ்டப்படி சுத்தி வெளையாடுற கேம்) அந்த உலகத்துக்குள்ளயே போயிட்ட மாதிரி ஃபீல் எதனால வருது?

மேப் பெருசா இருந்தா போதும்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, என்னைக் கேட்டா அது ரெண்டாம்பட்சம்தான். நாம பண்றத அந்த உலகம் கண்டுக்குதா இல்லையா, அதான் மேட்டரே. 2001ல வந்த காதிக்ங்கற கேம்ல ஊருக்குள்ள சும்மா கத்திய உருவிட்டு நின்னா பக்கத்துல இருக்கறவன் உள்ள வைடான்னு மெரட்டுவான், அடுத்தவன் குடிசைக்குள்ள நொழஞ்சா வெளிய போன்னு கத்துவான், ராத்திரியானா அவனவன் போய் படுத்துருவான். கிராஃபிக்ஸ் இன்னிக்கு பாத்தா சிரிப்புதான் வரும், ஆனா அந்த ஊரு உயிரோட இருக்கும். கிங்டம் கம் டெலிவரன்ஸ்ங்கற கேம்லயும் அழுக்குத் துணியோட போய் பேசுனா மதிப்பு கொறையும், குளிச்சுட்டு போனா அதே ஆளு வேற மாதிரி பேசுவாரு.

அடுத்தது குவெஸ்ட் மார்க்கர், அதாவது கேம்ல குடுத்த வேலைக்கு எங்க போகணும்னு காட்டுற குறி. அது இருந்தா கண்ணு பூரா அந்த அம்புக்குறி மேலதான், சுத்தி என்ன இருக்குன்னே பாக்க மாட்டோம். மாரோவிண்ட்ங்கற கேம்ல (2002) அதெல்லாம் கெடையாது, ஆளுங்க வாயால வழி சொல்லுவாங்க, கேமுக்குள்ள இருக்கற ஜர்னல்ல (குறிப்பு நோட்டு) எழுதியிருக்கும், நாமளே பாறை, பாலம், ரோட்டுல இருக்கற பலகைனு பாத்து தேடிப் போகணும், வழி தப்பிப் போனா அங்க வேற ஏதாவது குகை மாட்டும் (அதுக்குன்னே வழி தப்பலாம்).

சவுண்டும் முக்கியம், நல்ல ஹெட்ஃபோன் போடுங்க. இப்ப வர்ற கேம்கள்ல பலதுல மினிமேப்ப (ஸ்கிரீன் ஓரத்துல இருக்கற குட்டி மேப்) ஆஃப் பண்ண ஆப்ஷன் இருக்கும், ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் நடந்து பாருங்க.