வேர் எங்கே? கன்ன எலும்பு மறைக்குதே!

சேலத்தில் பல வருஷமாகப் பல் பார்க்கும் டாக்டரம்மா, மேல் கடைவாய்ப்பல் எக்ஸ்ரே பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (ஆத்தூர், புது டாக்டர்): வேர் நுனி மேல வெள்ளையா கன்ன எலும்பு விழுந்துடுது மேடம். ஒண்ணுமே தெரியல.

பதில்: கோனை, அதாவது எக்ஸ்ரே டியூபோட முனையை, ரொம்ப மேலயிருந்து சாய்க்கறீங்க தம்பி. உச்சி வெயில்ல நிழல் குறுகுமே, அதே கதைதான். வேர் குட்டையாகும், கன்ன எலும்பும் அதுமேலயே விழும். ரொம்பத் தாழ்த்தினா சாயங்கால நிழலாட்டம் நீண்டுடும். வாய்க்குள்ள படம் பதியுற சென்சாரைப் பிடிச்சு நிறுத்துற ஹோல்டர் இருந்தா, சென்சார் பல்லுக்கு இணையா நிக்குற பேரலல் முறையிலயே எடுங்க. சென்சாரைப் பல்லோட ஒட்டாம அண்ணத்து நடுவுக்குத் தள்ளுங்க, அங்கதான் உயரம் இருக்கு. ஹோல்டர் இல்லைன்னா, பல்லோட அண்ணப் பக்கத்துக்கும் சென்சாரோட கீழ் ஓரத்துக்கும் நடுவுல ஒரு பஞ்சு உருளை வைங்க. சென்சார் நிமிர்ந்துக்கும், கோனையும் இறக்கிக்கலாம்.

கேள்வி (ஏற்காடு, கிளினிக் உதவியாளர்): மூணு வேரும் ஒண்ணுமேல ஒண்ணு விழுதுங்க. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பதில்: தினமும் மலைப் பாதையில பஸ்ல வர்றீங்கல்ல? ஜன்னலோரத்து சில்வர் ஓக் பின்னாடி ஓடும், தூரத்து மலை கூடவே வரும். டியூப்தான் பஸ். அதை 20 டிகிரி பக்கவாட்டுல நகர்த்தி இன்னொரு படம் எடுங்க. டியூபுக்குக் கிட்ட இருக்குற கன்னப் பக்க வேர் ரெண்டும் எதிர்த்திசையில போகும், அண்ண வேர் கூடவே வரும். கிளார்க் 1910லயே சொன்ன விதி இது.

முன்பக்கக் கன்ன வேர் தனியா வேணும்னா டியூபைப் பின்பக்கமா நகர்த்துங்க. அதுல பெரும்பாலும் ரெண்டாவது நரம்புக் கால்வாய் ஒளிஞ்சிருக்கும். நானே ஒருதடவை நேர் படம் ஒண்ணை மட்டும் பார்த்து வேர் சிகிச்சையை முடிச்சுட்டேன். வலி திரும்ப வந்துச்சு. சாய்ச்சு எடுத்தப்போ நான் அடைச்ச வெள்ளைக் கோடு வேரோட நடுவுல இல்ல, ஒரு ஓரமா ஒதுங்கி நின்னுச்சு. அப்படி நின்னா பக்கத்துல இன்னொண்ணு இருக்குன்னு சந்தேகப்படணும்.

கேள்வி (ஓமலூர்): சென்சார் வச்சதுமே குமட்டுறாங்க.

பதில்: முதல்ல கோனை சரிபண்ணிட்டு, கடைசியா சென்சார். நாக்கு நுனியில ஒரு சிட்டிகை உப்பு, மூக்கால மூச்சு.

கேள்வி (அம்மாபேட்டை, நோயாளி): ரெண்டாவது எக்ஸ்ரே எதுக்கும்மா? காசுக்கா?

பதில்: மூணு வேரையும் பிரிச்சுப் பார்க்கத்தான்யா. டிஜிட்டல்ல ஒரு சின்ன படத்துக்கு ஆகுற கதிர்வீச்சு, இயற்கையா ஒரு நாள்ல நம்ம மேல படுற அளவுதான் சுமாரா. ஆனா உதவியாளர் உங்க வாய்ல விரலை விட்டு சென்சாரைப் பிடிச்சுட்டு நின்னா, "ஹோல்டர் இல்லையா?"ன்னு தாராளமா கேளுங்க.