நிலம் போட்ட சோற்றுக்கும் கணக்கு எழுதுங்கள்

கேள்வி: பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கும் கிராமங்களில் எங்களுடையதும் ஒன்று. இரண்டு ஏக்கர் நஞ்சை, ஒரு கிணறு, பத்துத் தென்னை. எனக்கு வயது 62. போராட்டப் பந்தலில் நானும் உட்கார்ந்தவன்தான். இப்போது பக்கத்து நிலத்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எனக்கு 80 லட்சம் வரும் என்கிறார்கள். பெரியவன் மனை வாங்கச் சொல்கிறான், சின்னவன் மியூச்சுவல் ஃபண்ட் என்கிறான். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. பணத்தை எதில் போடலாம்?
– ஒரு வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. 2022-இல் திட்டம் அறிவித்தது முதல் பக்கத்து ஊரான ஏகனாபுரத்தின் கிராம சபை அதை எதிர்த்துத் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டதற்கு உள்ள காரணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் 80 லட்சம் எதற்கு ஈடு என்று கணக்குப் பார்த்தீர்களா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த ஒருவர், சில ஆண்டுகள் கழித்து என்னிடம் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் அரிசிக் கடைக் கணக்கு: மாதம் இரண்டு சிப்பம், அதாவது 25 கிலோ மூட்டை இரண்டு. அதுவரை அந்த வீட்டில் அரிசியைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. அடுத்து வைக்கோல். அது கட்டுப்படியாகாமல் மாட்டை விற்றதால், அதற்கும் கீழே பால். சொர்ணவாரிப் பருவத்தில் விற்ற நெல்லை மட்டுமே வருமானம் என்று எண்ணியிருந்தவருக்கு, விற்காமல் வீட்டுக்கு வந்ததெல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டது.

மாதம் 50 கிலோ அரிசிக்கு மட்டும், கிலோ 55 ரூபாய் என்று வைத்தால் 2,750 ரூபாய். 7% வட்டியில் இதற்கே ஏறக்குறைய ஐந்து லட்சம் வங்கியில் முடங்க வேண்டும். அரிசி விலை ஏறும், அந்த ஐந்து லட்சம் ஏறாது. இப்படி ஒரு பட்டியலை உங்கள் வீட்டம்மாவைக் கொண்டு எழுத வையுங்கள், அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது பட்டா. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் உடன்பிறந்த பெண்களுக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்று வாங்கி இப்போதே பேசி முடியுங்கள். தகராறு வந்தால் பணம் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கிணறும் தென்னையும் தனியாக மதிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பேச்சுவார்த்தை விலைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டபின் கூடுதல் இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால் ஒரு வழக்கறிஞர் படித்த பிறகே பேனாவை எடுங்கள்.

வருமான வரி பெரிய கவலை அல்ல. நகர எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. வட்டிக்குத்தான் வரி.

பணம் வந்ததும் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். பல நூறு குடும்பங்கள் ஒரே நேரத்தில் நிலமும் மனையும் தேடும்போது சுற்றுவட்டாரத்தில் விலை எகிறியிருக்கும். பெரியவனின் மனை அதுவரை காத்திருக்கட்டும். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். நெல் விற்ற பணமும் மாதாமாதம் வந்ததில்லையே, பழகிவிடும். மிச்சத்தைப் பல வங்கிகளில் பிரித்து வையுங்கள். வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம்தான். விலைவாசியைத் துரத்த, பத்து லட்சம் வரை சின்னவன் சொல்லும் ஃபண்டில் மெதுவாகப் போகட்டும். நல்ல விலையில் தண்ணீர் வசதியோடு ஓர் ஏக்கர் அமைந்தால் அதை வாங்குவதையே நான் விரும்புவேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வயலில் நடவுக்கும் களைக்கும் வருகிறவர்கள் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே எண்ணுகிறது. கணக்கெடுப்புக்கு வருகிறவர்களிடம் அந்தப் பெயர்களை நீங்களே சொல்லி எழுத வையுங்கள்.