பார்வையற்றவர்கள் தொடுதிரைக் கைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அதைப் 'பார்த்து'ப் படிக்கிறதா?

பார்ப்பதில்லை. செயலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது என்று சொல்லலாம்.

எனக்குப் பார்வை கிடையாது. இந்தப் பதிலையும் கைபேசியில்தான் எழுதுகிறேன். துணைக்கு இருப்பது திரைவாசிப்பான் என்ற மென்பொருள். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். கைபேசிக்கு இரண்டும் வந்தது 2009இல். அதற்கு முன்பு பொத்தான் வைத்த நோக்கியா போன்களில் இப்படியொரு மென்பொருளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டியிருந்தது.

ஒரு செயலி திரையில் எதையாவது காட்டும்போது, அங்கே என்னென்ன இருக்கிறது என்ற விவரத்தையும் இயங்குதளத்திடம் கொடுக்கிறது. இது பொத்தான், பெயர் 'அனுப்பு'; இது தேர்வுப்பெட்டி, இன்னும் டிக் செய்யவில்லை, இப்படி. திரைவாசிப்பான் அதை எடுத்து, பேச்சாக மாற்றும் இன்னொரு மென்பொருளிடம் தருகிறது. குரலும் மொழியும் அந்த இரண்டாவது ஆளின் பொறுப்பு. அதனால் பிடிக்காத குரலை மாற்றிக்கொள்ளலாம், வேகத்தையும் கூட்டலாம். நான் வைத்திருக்கும் வேகத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

விரலை வைத்தால் அங்கே இருப்பது என்ன என்று சொல்லும், அவ்வளவுதான், எதுவும் திறக்காது. திறக்க, திரையில் எங்கே வேண்டுமானாலும் இருமுறை தட்டலாம். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. தட்டச்சில் விரலைத் தேய்த்துக்கொண்டே போக, 'க', 'ங', 'ச' என்று சொல்லிக்கொண்டே வரும். வேண்டிய எழுத்து வந்ததும் விரலை எடுத்தால் விழுந்துவிடும். மெதுவான வேலைதான். அதனால் நீளமாக எழுத வேண்டுமென்றால் பேசித்தான் எழுதுவேன்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? செயலி பெயர் சொல்லாமல் விடும் இடத்தில். பணம் அனுப்பும் திரையில் அழகழகான படக்குறிகள் வரிசையாக இருக்கும். என் காதில் விழுவதோ "பெயரிடாத பொத்தான், பெயரிடாத பொத்தான்". எது அனுப்பும், எது ரத்து செய்யும்? பணத்தை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்க முடியாதே. நாமே பெயர் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது; ஆனால் அது எந்தப் பொத்தான் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். நிரலாளர் ஒரே வரியில் எழுத வேண்டிய விஷயம் இது. பெரும்பாலும் திரைவாசிப்பானைக் குறை சொல்லிப் பயனில்லை என்பது என் கருத்து.

தமிழுக்கென்று ஒரு தலைவலியும் உண்டு. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்பு உங்கள் கண்ணுக்கு 'அம்மா' என்று காட்டும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்கிறது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடில் இருந்தால் ஒழுங்காகப் படித்துவிடும். எழுத்தைப் படமாக அனுப்பினால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலி வழியாகத்தான் சுற்றிவர வேண்டும். (வாழ்த்துப் படம் அனுப்புகிறவர்கள் கீழே ஒரு வரி தட்டிவிட்டால் புண்ணியமாகப் போகும்.)

நீங்களும் போட்டுப் பார்க்கலாம்: அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதியில் இருக்கும். ஆனால் போட்ட பிறகு டாக்பேக்கில் திரையை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். நிறுத்தும் பொத்தானையும் ஒருமுறை தொட்டுவிட்டு, அப்புறம் இருமுறை தட்ட வேண்டும். இது தெரியாமல் போட்டுவிட்டு, போன் கெட்டுவிட்டது என்று பதறியவர்கள் நிறையப் பேர்.