மசாய் மாராவுக்கு எந்த லென்ஸ்? – வாசகர் கேள்வி பதில்

கென்யாவின் மசாய் மாராவில் வில்டபீஸ்ட் (பெரிய மான் இன விலங்கு) மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காலம் ஏறத்தாழ ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை. அதை நோக்கிப் பயணத் திட்டம் போட்டிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளையே இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கெனன் 90டி கமராவும் 18–135, 55–250 லென்ஸ்களும் என்னிடம் உண்டு. ஓகஸ்டில் மசாய் மாரா போகிறோம். 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் போவது வீண் என்கிறார்கள். உண்மையா?
– ஆசிரியர், கல்முனை

600 கட்டாயமில்லை. 250 போதாது என்பது மட்டும் உண்மை. கணக்குப் போட்டால் விளங்கும். உங்கள் கமராவின் சென்சர் 22.3 மி.மீ. அகலம். மிருகம் நிற்கும் தூரத்தை மீற்றரில் எடுத்து, 22.3 ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. ஆல் வகுத்தால் படத்துக்குள் எத்தனை மீற்றர் அகலம் அடங்கும் என்பது வரும். 30 மீற்றர் தூரத்தில் 250 லென்ஸுக்கு 2.7 மீற்றர், 400க்கு 1.7 மீற்றர், 600க்கு 1.1 மீற்றர். ஆண் சிங்கத்தின் உடல் வாலை விட்டு 2 மீற்றர் அளவில் இருக்கும். அந்தத் தூரத்தில் பக்கவாட்டாகப் படுத்திருக்கும் சிங்கம் 400இலேயே முழுதாக அடங்காது. 60 மீற்றருக்கு அப்பால் போனால்தான் 600இன் அருமை தெரியும்.

ஆகவே முதலில் பயண முகவரிடம் கேட்க வேண்டியது, வாகனம் எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதை. மாரா தேசிய ஒதுக்கத்திலும் தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் பாதையை விட்டு வாகனம் இறங்கக் கூடாது. சிறுத்தை புல்லுக்குள் 80 மீற்றரில் படுத்திருந்தால் அங்கிருந்தேதான் எடுக்க வேண்டும். மாராவைச் சுற்றியுள்ள தனியார் காப்பு நிலங்களில் கட்டுப்பாட்டோடு பாதையை விட்டு இறங்க விடுவார்கள். அங்கே 400 தாராளம். தங்குமிடம் எந்தப் பக்கம் என்பது தெரியாமல் லென்ஸ் வாங்க வேண்டாம்.

எங்கள் முடிவு இது. ஒரே ஒரு கமரா உடலோடு போவதென்றால் கெனன் 100–400 இரண்டாம் பதிப்பு (ஏறத்தாழ 1.6 கிலோ) அல்லது சிக்மா 100–400 (1.16 கிலோ). இரண்டாவது உடல் ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோக முடியுமென்றால் சிக்மா 150–600 கன்டெம்பரரி (1.93 கிலோ), மற்றதில் உங்கள் 18–135. ஏனென்றால் உங்கள் கமராவில் 150 என்பது பெரிய சென்சருள்ள முழுச்சட்டகக் கமராவின் 240 போலப் பார்க்கும். யானை வாகனத்தின் பக்கத்தில் வந்து நின்றால் கண்ணும் காதும்தான் படத்தில் விழும். அந்த நேரத்தில் புழுதிக்குள் லென்ஸ் மாற்றவும் முடியாது. கமரா உடலைப் புதிதாக மாற்றும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். 90டி இந்த வேலைக்குக் காணும், அந்தக் காசு லென்ஸுக்குப் போகட்டும்.

கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கமராவுக்குப் பலர் மாறிவிட்டதால் உங்கள் கமராவுக்குப் பொருந்தும் கெனன் ஈ.எஃப். லென்ஸ்கள் கொழும்பில் பாவித்த பொருள் விலைக்குக் கிடைக்கின்றன. நாளைக்குக் கெனனின் கண்ணாடியில்லா ஆர் வரிசைக் கமரா வாங்கினாலும் அடப்டர் போட்டுப் பாவிக்கலாம். வாங்குமுன் லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, எஃப் துளையை (ஒளி புகும் துளை) முழுதாகத் திறந்து, பின்பக்கம் இருந்து சின்ன டோர்ச் அடித்துச் சரிவாகப் பாருங்கள். சிலந்தி வலை போல நரம்புகள் தெரிந்தால் அது பூஞ்சணம், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். பிறகு 400இலும் 600இலும் தூரத்துப் பெயர்ப் பலகை ஒன்றைப் பத்துத் தடவை ஓட்டோபோகஸில் எடுத்து, பத்திலும் எழுத்துக் கூர்மையாக இருக்கிறதா என்று கமராத் திரையில் பெருப்பித்துப் பாருங்கள். வாடகைக்கு எடுப்பதும் நல்ல வழிதான், ஆனால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சம்மதமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1.4 அல்லது 2 மடங்கு டெலிகன்வேட்டர் போட்டால் என்ன?
– வாசகர், வாழைச்சேனை

டெலிகன்வேட்டர் என்பது லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் போட்டு உருவத்தைப் பெருப்பிக்கும் துண்டு. எஃப் 6.3 லென்ஸில் வேண்டாம், எஃப் இலக்கம் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். 1.4 மடங்கு போட்டால் ஒளி பாதியாகி எஃப் 9 ஆகும். பல டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடியுள்ள) கமராக்களில் எஃப் 8க்கு மேல் ஓட்டோபோகஸ் நின்றுவிடும். 2 மடங்கில் ஒளி நாலில் ஒரு பங்கு.

ட்ரைபொட் கொண்டுபோக வேண்டுமா? கையில் இரண்டு கிலோ லென்ஸைப் பிடித்து நாள் முழுக்க நிற்க முடியாதே.
– வாசகி, அக்கரைப்பற்று

ட்ரைபொட் வீட்டில் இருக்கட்டும். கூரை திறக்கும் வானிலோ லாண்ட் க்ரூசரிலோ அதன் கால்களை விரிக்க இடமில்லை, விரித்தாலும் பக்கத்தில் இருப்பவர் கால் தட்டும். வேண்டியது ஒரு மணிப் பை, அதாவது லென்ஸைத் தாங்கத் தானியம் நிரப்பிய துணிப் பை. இதை ஊர்த் தையற்காரரிடமே தைப்பிக்கலாம்.

கெட்டியான கன்வஸ் அல்லது ஜீன்ஸ் துணியில் 30 சென்ரிமீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலமான இரண்டு பைகள். இரண்டையும் நடுவில் ஒரு கையகலத் துணியால் இணையுங்கள், அப்போது ஜன்னல் விளிம்பின் இரு பக்கமும் தொங்கி வழுக்காமல் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பல் பெரிய சிப். தையல் இரட்டை ஓட்டம். உள்ளே தனியாக ஒரு பருத்தி உறை இருந்தால் தானியத்தூள் லென்ஸில் படாது.

இங்கிருந்து அரிசியோ பயறோ நிரப்பிக்கொண்டு போக வேண்டாம். பாரமும் கூடும், தானியத்தைத் தாவர நோய்த் தடுப்பில் மறிக்கவும் கூடும். வெறும் பையாக மடித்துக் கொண்டுபோய், அங்கே சந்தையில் அவரையோ அரிசியோ 3 கிலோ அளவில் வாங்கி நிரப்புங்கள். முக்கால் பங்குக்கு மேல் போடாதீர்கள். முட்ட நிரப்பினால் பை உருண்டையாகி லென்ஸ் அதன் மேல் உருளும். குறைய இருந்தால் இரும்பு விளிம்பில் இடிக்கும். லென்ஸை வைத்து ஒரு தரம் அமத்தினால் அதற்கொரு பள்ளம் விழ வேண்டும், அதுதான் அளவு. திரும்பும்போது தானியத்தைச் சமையற்காரரிடம் கொடுத்துவிடலாம்.

மணிப் பை இருந்தும் படம் அசைந்தால் காரணம் எஞ்சின். நிறுத்தச் சொல்லி சாரதியிடம் முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வாகனத்துக்குள் இடம் மாறினாலும் அசையும். ஒரு வாகனத்துக்கு நாலு பேருக்கு மேல் ஏற வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். இந்த ஒரு விடயத்துக்குச் செலவழிக்கும் காசு, லென்ஸில் 100 மி.மீ. கூட்டுவதை விடப் பெறுமதியானது.

மாராவில் புழுதி, இங்கே ஈரம். என் லென்ஸ் ஒன்றில் ஏற்கெனவே பூஞ்சணம். இரண்டிலிருந்தும் எப்படிக் காப்பது?
– வாசகர், மட்டக்களப்பு

வாவியும் கடலும் இரு பக்கமும் இருக்கும் ஊரில் இது பெரிய விடயம், விரிவாகவே சொல்கிறோம்.

புழுதி முதலில். வாகனம் ஓடும்போது கமராவை மடியில் வைத்து, பழைய பருத்திச் சாரம் ஒன்றால் முழுதாக மூடுங்கள். ஷொப்பிங் பையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பொலித்தீன் காவு பைகளைக் கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் தடை செய்துவிட்டன, பயணிகளுக்கும் அது பொருந்தும். லென்ஸ் மாற்றத்தான் வேண்டுமென்றால் வாகனம் நின்று புழுதி அடங்கிய பின், கமராவின் மின்னை நிறுத்தி, வாய் கீழ் நோக்க, மடியில் வைத்து மாற்றுங்கள்.

மாலையில் செய்ய வேண்டியதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மென்மையான தூரிகை, அடுத்தது ரப்பர் ஊதுபந்து, கடைசியாகத்தான் துணி. தூசி இருக்கத் துணியால் துடைத்தால் அந்தத் துகளே லென்ஸின் பூச்சைக் கீறும். சூம் வளையத்தையும் முன் விளிம்பையும் மறக்க வேண்டாம். நீட்டிச் சுருங்கும் லென்ஸ்கள் வெளிக்காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். சொனி 200–600, நிக்கோன் இசட் 180–600 ஆகியவை சூம் செய்யும்போது நீளாதவை, புழுதியில் அது நல்ல வசதி.

சென்சரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க எஃப் 16இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால், பற்றரி நிறைந்திருக்கையில் சென்சர் சுத்திகரிப்பு மெனுவைத் திறந்து, கமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுபந்தால் நாலைந்து தரம் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும், ஸ்ப்ரே டின் காற்று இரசாயனம் கக்கும். அதற்கும் போகாத பொட்டு, நீங்கள் மிருகத்தை எடுக்கும் எஃப் 5.6–8இல் பெரும்பாலும் தெரியாது. அங்கே வைத்து ஈரத் துடைப்பானால் சென்சரைத் தொட வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகுதான் அடுத்த ஆபத்து. அந்தத் தூசியோடு மாரி காலத்து ஈரம் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு உணவும் நீரும் கிடைத்த மாதிரி. தோல் பையிலோ அலுமாரிக்குள் துணிகளோடோ கமராவை வைப்பது மிகப் பிழை. மின்சார உலர் பெட்டி இல்லாவிட்டால், ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்ரிக் பெட்டி, 200 முதல் 250 கிராம் சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று. முள் 40–50 வீதத்தில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்ட விடாதீர்கள், 30க்குக் கீழே போகவும் விடாதீர்கள், ரப்பரும் உள் எண்ணெயும் காய்ந்துபோகும். ஜெல் நிறம் மாறியதும் 120 பாகை செல்சியஸில் அவன் அடுப்பில் வைத்து உலர்த்தி மீண்டும் போடலாம். பூஞ்சணம் பிடித்த உங்கள் லென்ஸை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். திருத்துநரிடம் சீக்கிரம் கொடுங்கள், கண்ணாடிப் பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தாலும் அடையாளம் போகாது.

எந்த செட்டிங்கில் எடுப்பது? போவதற்கு முன் இங்கேயே பழக வழி உண்டா?
– பல்கலைக்கழக மாணவி, களுவாஞ்சிகுடி

கமராவை மெனுவல் முறையில் வைத்து ஐ.எஸ்.ஓ.வை (சென்சரின் ஒளி உணர்திறன்) மட்டும் ஓட்டோவில் விடுங்கள், உச்சம் 6400. எஃப் 6.3. சும்மா நிற்கும் மிருகத்துக்கு 1/500 செக்கன், நடப்பதற்கு 1/1000, ஓடும் சிவிங்கிப்புலிக்கு 1/2000க்கு மேல், பறக்கும் பறவைக்கு 1/3200. லென்ஸின் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே நிறுத்தும். மிருகத்தின் ஓட்டத்தை நிறுத்துவது ஷட்டர் வேகம்தான். ஐ.எஸ்.ஓ. கூடி மணல் மணலாக வந்த படத்தைக் கணினியில் ஓரளவு திருத்தலாம், அசைந்த படத்துக்கு மருந்தில்லை. போகஸ் தொடர் முறையில் இருக்கட்டும். உயரப் புல்லுக்குள் இருக்கும் மிருகத்துக்கு ஒற்றைச் சிறு புள்ளியைத் தெரியுங்கள், இல்லாவிட்டால் கமரா முன்னால் நிற்கும் புல்லைப் பிடித்துக்கொள்ளும்.

வெளிச்ச அளவில்தான் பலர் தவறுகிறார்கள். வில்டபீஸ்டோ எருமையோ சட்டகத்தை நிறைத்தால் கமரா அந்தக் கருமையைச் சாம்பலாக்கப் பார்க்கும், வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன்) 0.7 குறையுங்கள். மர நிழலில் சிங்கம், பின்னால் பளிச்சென்ற வெளி என்றால் 0.7 முதல் 1 வரை கூட்டுங்கள்.

இதைப் பழக மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரை வயல்வெளியை விட நல்ல இடம் வேறில்லை. கறுத்த எருமையின் முதுகில் வெள்ளைக் கொக்கு இருக்கும் காட்சியை எடுத்து, கொக்கின் இறகு விபரம் அழியாமலும் எருமையின் கண் தெரியவும் எத்தனை குறைக்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். வாவிக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து பறவைப் பயிற்சிக்கு. வாகனத்திலிருந்து எடுக்கப் பழக உகந்தையில் நுழைவாயில் உள்ள குமண தேசியப் பூங்காவுக்கு ஒரு விடியற்காலை ஜீப் எடுத்துப் போங்கள், மணிப் பையையும் கொண்டுபோங்கள். லகுகலக் குளத்துக்கு வரும் யானைகளும், இங்கினியாகலயிலிருந்து படகில் போய்ப் பார்க்கும் சேனாநாயக்க சமுத்திரத்து யானைகளும் வரட்சிக் காலத்தில் நல்ல பயிற்சி.

வெயில் ஏறிய பின் நிலத்திலிருந்து எழும் கானலுக்கு எந்த லென்ஸிலும் தீர்வு இல்லை. தூரத்துப் படம் நீருக்குள் பார்ப்பது போல நெளியும். காலை 9 மணிக்குப் பிறகு கிட்ட நிற்பதை மட்டும் எடுங்கள்.

விமானத்தில் எதை எப்படிக் கொண்டுபோவது? சார்ஜ் பண்ண ப்ளக் பொருந்துமா?
– வாசகர், ஏறாவூர்

கமரா, லென்ஸ், உபரி பற்றரி எல்லாம் கைப்பையில். உபரி லிதியம் பற்றரியைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது. ஒவ்வொன்றின் உலோக முனைக்கும் டேப் ஒட்டுங்கள். 100 வொட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. கமரா பற்றரி 14–16 வொட்-மணிதான், 20,000 எம்.ஏ.எச். பவர் பாங்க் 74. பல விமானங்களில் கைப்பை 7 கிலோ. இரண்டு உடல், 150–600, 18–135, பற்றரிகள், சார்ஜர், பை எல்லாம் சேர்த்து 6 கிலோ அளவில் முடிக்கலாம்.

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சிறு விமானத்தில் போவதென்றால் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மென்மையான துணிப் பை. கடினச் சூட்கேஸை ஏற்ற மாட்டார்கள்.

கென்யாவிலும் தான்சானியாவிலும் நம்முடைய 13 அம்பியர் சதுர முனை ப்ளக் அப்படியே பொருந்தும். தென்னாபிரிக்கா, க்ரூகர் பூங்காப் பக்கம் போவோருக்கு, இங்கே ஏசிக்குப் போடும் 15 அம்பியர் பெரிய உருண்டை முனை ப்ளக் வேண்டும். மல்டி ப்ளக் ஒன்று கட்டாயம். பல முகாம்களில் சூரிய மின்சாரம், சில மணி நேரம்தான் இருக்கும். நாலு பற்றரி வைத்திருங்கள். ஒரு நாளுக்கு 1500 ரோ (கமரா பதியும் மூலக் கோப்பு) படம் எடுத்தால் 50 ஜி.பி. அளவில் நிறையும். 128 ஜி.பி. கார்ட் நாலும், ஒவ்வோர் இரவும் பிரதி எடுக்க ஒரு எஸ்.எஸ்.டி.யும் வேண்டும். பொருட்களின் பற்றுச்சீட்டுப் பிரதியும் தொடர் இலக்கமும் கைத்தொலைபேசியில் இருக்கட்டும்.

ட்ரோன்?
– வாசகர், காத்தான்குடி

வேண்டாம். அனுமதியின்றிக் கொண்டுபோனால் நைரோபி விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். பூங்காக்களுக்குள் பறக்கவிட முடியாது.

என்னிடம் நிக்கோன் பி1000 மட்டுமே உண்டு. இதோடு போகலாமா?
– வாசகி, திருக்கோவில்

தாராளமாகப் போகலாம். 1.4 கிலோவில், முழுச்சட்டகக் கணக்கில் 24 முதல் 3000 மி.மீ. வரை ஒரே லென்ஸ், புழுதியில் மாற்றும் தொல்லையும் இல்லை. அதன் சென்சர் சிறியது என்பதை மனதில் வைத்து எடுங்கள். 3000இல் எஃப் 8 ஆகிவிடும், காலை ஆறரைக்கு அது ஒளிக்குத் தவிக்கும். அந்த நேரத்தில் 500க்குள் நில்லுங்கள், வெயில் வந்த பின் 1000 வரை போங்கள். அதற்கு மேல் நிலவுக்கு மட்டும். ஐ.எஸ்.ஓ. 800ஐத் தாண்ட விடாமல், ரோவில் எடுத்து, மணிப் பையில் வைத்து அமத்துங்கள். ஓடுவதைத் துரத்த அதன் போகஸ் மெதுவானது. மர நிழலில் இளைப்பாறும் சிங்கக் கூட்டத்துக்கும் கொம்பில் இருக்கும் பறவைக்கும் நன்றாகவே உதவும்.