வாசகர் கேள்வி: ஹாட் டப் தண்ணீருக்கு எதைப் போடுவது?

கேள்வி: ஹாட் டப் வாங்கி மூன்று மாதம் ஆகிறது, 1,000 லிட்டர் பிடிக்கும். நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரின் மாத்திரையை மிதவையில் வைத்து விட்டுவருகிறோம். இப்போது தண்ணீர் கலங்கி, குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது. மகனுக்கு முதுகெல்லாம் சிவப்புப் பருக்கள். குளோரின் அதிகமாகிவிட்டதா? கடையில் பத்து டப்பா காட்டுகிறார்கள், எதை வாங்குவது?
- ஒரு வாசகி

பதில்: முதலில் யாரும் டப்பில் இறங்காதீர்கள். அந்தப் பருக்கள் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வந்திருக்கலாம், சரியாகக் கிருமி நீக்காத வெந்நீர்த் தொட்டியில் அது சுலபமாகப் பெருகும். பெரும்பாலும் தானே ஆறிவிடும், ஆனாலும் சில நாளில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வாடை அடிக்கிறது என்றால் குளோரின் கூடிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பாலும் விஷயம் நேர்மாறு. வியர்வையோடு சேர்ந்த குளோரின் குளோரமைனாக மாறுகிறது, மூக்கில் ஏறுவது அதுதான். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் தீர்ந்துபோயிருக்கும்.

அந்த மாத்திரை டிரைகுளோர். அமிலம் அதிகம், தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவைக் கீழே இழுத்து ஹீட்டரை அரிக்கும். போதாததற்கு, அதிலிருந்து வரும் சயனூரிக் அமிலம் தண்ணீரிலேயே தங்கிச் சேர்ந்து, இருக்கிற குளோரினையும் மந்தமாக்கிவிடும். அதனால் இந்தத் தண்ணீரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். குழாய்க்குள் படிந்த வழுவழுப்பை எடுக்கும் கிளீனரை ஊற்றி, தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டை ஓட விட்டு, முழுக்க வடித்துவிடுங்கள்.

புதுத் தண்ணீர் நிரப்பியதும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் (தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறிக் காட்டும் பட்டை) முதலில் காரத்தன்மையைப் பாருங்கள், பி.எச். சட்டென்று மாறாமல் பிடித்து வைப்பது அதுதான். 80 முதல் 120 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) இருக்க வேண்டும். குறைந்தால் சமையல் சோடாவே போதும், உங்கள் டப்பில் 17 கிராம் போட்டால் ஏறக்குறைய 10 பி.பி.எம். ஏறும். அப்புறம்தான் பி.எச்., 7.2 முதல் 7.8 வரை. ஜெட் ஓடும்போது கரியமில வாயு வெளியேறி, பி.எச். தானாக ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் அதை இறக்கும் சோடியம் பைசல்பேட் டப்பா ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஏற்றும் டப்பா அவ்வளவாகத் தேவைப்படாது.

கிருமிநாசினிக்கு, டப்பை மூடியே வைப்பீர்கள் என்றால், என் ஓட்டு புரோமினுக்குத்தான். சூட்டில் குளோரினைவிட நன்றாகத் தாங்கும், வாடையும் குறைவு. வெயில் பட்டால் மட்டும் சீக்கிரம் போய்விடும். 4 முதல் 8 பி.பி.எம். வரை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரில் சேர்ந்த வியர்வை, அழுக்கைச் சிதைக்கும் குளோரின் இல்லாத ஷாக் பவுடர் போட்டு, மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். வாசனைத் திரவம், நுரை அடக்கி இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். புரோமின் மாத்திரையைப் பழைய மிதவையில் போடக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் டிரைகுளோர் துகளோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பலாம், தீப்பிடிக்கவும் செய்யலாம். புது மிதவை வாங்குங்கள். எந்தக் கெமிக்கலானாலும் தண்ணீரில்தான் அதைப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒன்றைப் போட்டு, ஜெட் ஓடிக் கலந்த பிறகுதான் அடுத்தது. ஸ்ட்ரிப்பில் புரோமினும் பி.எச்.சும் சரியாக வந்து, மகனின் முதுகும் ஆறிய பிறகு இறங்கச் சொல்லுங்கள்.