நீங்கள் விழுந்தது 655-லிருந்து இல்லை

கேள்வி: அக்கா, ஐந்து மாதமாக வேலைக்குப் போய்க்கொண்டே, மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டுக்குப் படித்தேன். கடைசி மாக் டெஸ்டில், அதாவது மாதிரித் தேர்வில், 655. போன வாரம் தேர்வு எழுதி முடித்ததும் திரையில் வந்தது 575. குவான்ட் (கணிதம்) 82, வெர்பல் (ஆங்கிலம்) 80, டேட்டா இன்சைட்ஸ் (அட்டவணை, பத்தி போன்ற தகவல்களைப் பார்த்து விடை சொல்லும் பகுதி) 73. மாக்கில் இவை 83, 83, 81 என்று இருந்தன. இலவசமாகக் கிடைக்கும் இரண்டு அதிகாரபூர்வ மாக்கையும் மும்மூன்று முறை எழுதியிருக்கிறேன், முதல் தடவை 595தான், அப்புறம் ஏறிக்கொண்டே போனது. தேர்வில் டேட்டா இன்சைட்ஸைக் கடைசியில் வைத்தேன், நான்கு கேள்விகளைத் தொடவே முடியவில்லை. வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. கல்லூரிகளின் முதல் சுற்று விண்ணப்பத்துக்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. 17ஆவது நாளே மறுபடி எழுதத் தேதி வாங்கிவிட்டேன். என் மூளைக்கு இவ்வளவுதானா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தம்பி

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் வாங்கிய 575 எழுதுபவர்களின் சராசரிக்கு மேலே இருக்கிறது, அதுவும் நான்கு கேள்விகளைத் தொடாமல் வாங்கியது.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட எண் 655 இல்லை, அந்த 595தான். அதே இரண்டு மாக்கை மூன்றாம் தடவை எழுதும்போது கேள்விகள் திரும்ப வரும், அவை நினைவிருப்பதுகூட நமக்குத் தெரியாது, படித்த மாதிரியே இருக்கும், கை தானாக விடைக்குப் போகும். அதிலும் டேட்டா இன்சைட்ஸில் இதன் பலன் ரொம்ப அதிகம், ஏனென்றால் அங்கே நேரம் போவதே அட்டவணையையும் பத்தியையும் புரிந்துகொள்வதில்தான், அது ஏற்கெனவே பழகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. மாக்கில் 81, தேர்வில் 73 என்று வந்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆக, நீங்கள் 655-லிருந்து விழவில்லை. 595க்குப் பக்கத்தில் நின்றிருந்தீர்கள், கடைசிப் பகுதியில் நேரம் தீர்ந்ததால் கொஞ்சம் சறுக்கியது, அவ்வளவுதான். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் தேர்வு அறையில் ஏதோ உடைந்துபோய்விட்டது என்று பயப்படுவதைவிட இது எவ்வளவோ மேல், இதைச் சரிசெய்ய முடியும்.

கணக்கையும் பாருங்கள். மூன்று பகுதிகளையும் கூட்டினால் மாக்கைவிட 12 புள்ளி குறைவு, அதில் 8 டேட்டா இன்சைட்ஸ். மூன்றுக்கும் மொத்த மதிப்பெண்ணில் சமமான எடை என்பது பலருக்கு மனதில் பதிவதே இல்லை, குவான்ட்டும் வெர்பலும்தான் தேர்வு, மற்றது ஒட்டுவால் என்று நினைத்துக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 20 கேள்விகள், ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம். அட்டவணைக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே மூன்று வாக்கியங்கள், ஒவ்வொன்றும் சரியா தவறா என்று குறிக்க வேண்டும். முதல் இரண்டும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மூன்றாவதற்கு ஒரு நெடுவரிசையை மறுபடி வரிசைப்படுத்தி, நடு எண்ணைத் தேடி, கால்குலேட்டரைத் திறந்து, சந்தேகம் வந்து இன்னொரு முறை பார்த்து, நிமிர்ந்தால் ஐந்து நிமிடம் போயிருக்கிறது. இரண்டு சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் வருமே என்று தோன்றும், வராது, மூன்றும் சரியாக இருந்தால்தான் உண்டு. அதனால்தான் விட மனசு வராமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறோம். இப்படி மூன்று இடத்தில் உட்கார்ந்தால் கடைசி நான்கு கேள்விகள் போச்சு. பதில் சொல்லாமல் விட்டதற்குத் தனியாக மதிப்பெண் குறைப்பும் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு எதையாவது குறித்திருந்தாலும் அதைவிட நல்லது.

எனவே நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது கணிதம் இல்லை, விடுவது. ஐந்தாவது கேள்வி முடியும்போது 11 நிமிடத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது, பத்தாவதில் 23, பதினைந்தாவதில் 34. எந்தக் கேள்வியிலும் மூன்று நிமிடம் ஆனால் ஒன்றைக் குறித்து, அடையாளம் வைத்துவிட்டு நகருங்கள். பகுதியின் முடிவில் நேரம் மிச்சமிருந்தால் திரும்பி வந்து மூன்று விடைகள் வரை மாற்றலாம். வரிசையும் உங்கள் கையில்தான், டேட்டா இன்சைட்ஸை முதலில் வைத்துப் பாருங்கள், களைத்த தலையோடு அதற்குள் போகாதீர்கள்.

17ஆவது நாள் தேதியைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். விதிப்படி 16 நாள் இடைவெளி போதும்தான், ஆனால் அந்தத் தேதியை உங்கள் கோபம் வாங்கியிருக்கிறது. எட்டு வாரம் கொடுங்கள். முதல் வாரம் புத்தகமே வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள். அப்புறம் அதிகாரபூர்வ மதிப்பெண் அறிக்கையைத் திறந்து நேரம் எங்கே போனது என்று பாருங்கள். நானும் ஒரு நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியவள். முதல் முறை சரியாக வராதபோது நான்கு புதுப் புத்தகம் வாங்கினேன், செய்த தவறுகளை ஒருமுறைகூடத் திரும்பப் பார்க்கவில்லை, பார்த்தால் வலிக்கும் என்ற ஒரே காரணம். என் நோட்டில் பிறகு எழுதிவைத்த வரி ஒன்று இன்னும் நினைவிருக்கிறது: “கேட்டது எத்தனை சதவீதம் கூடியது, நான் கண்டுபிடித்தது எத்தனை மடங்கு.” இதே தவறு ஏழு இடத்தில் இருந்தது. நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள், ஒவ்வொரு தவறுக்கும் ஒரே வரி, ஏன் அந்தத் தவறான விடை சரியென்று பட்டது என்று மட்டும். விளக்கத்தைப் பார்த்து “ஆமாம், புரிகிறது” என்று தாண்டிப் போகாதீர்கள், பத்து நாள் கழித்து அதே கேள்வியை வெறும் தாளில் போட்டுப் பாருங்கள்.

பணம் கட்டி வாங்கும் அதிகாரபூர்வ மாக் இன்னும் நான்கு இருக்கின்றன, நீங்கள் பார்க்காதவை. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று, தேர்வு எழுதப்போகும் அதே நேரத்தில், ஒரே ஒருமுறை எழுதுங்கள். கடைசி இரண்டில் வருவதுதான் உங்கள் நிஜமான நிலை. அது குறைவாக இருந்தால் இரண்டாவது சுற்றில் விண்ணப்பியுங்கள், பல கல்லூரிகளில் அது ஜனவரித் தொடக்கத்தில் வரும், அவசரத்தில் அனுப்பிய முதல் சுற்றைவிட அது நல்லது.

வீட்டில் சொல்லிவிடுங்கள். யாராவது “700 தாண்டவில்லையா” என்று கேட்டால், அது 2024 ஜனவரியோடு நின்றுபோன பழைய தேர்வின் கணக்கு, இப்போது அந்த 700க்கு ஈடு ஏறக்குறைய 645 என்று சொல்லுங்கள். எட்டு வாரம் ஒளித்துவைத்துக்கொண்டு படிக்க முடியாது தம்பி, பாதி பலம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: முதல் தடவை எடுத்த குறைந்த மதிப்பெண் கல்லூரிக்குத் தெரியுமா? அதை ரத்து செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: தேவையில்லை. இப்போதைய ஜிமேட்டில் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறீர்கள், நீங்கள் அனுப்பும் தேர்வு மட்டும்தான் அறிக்கையில் இருக்கும். ஆனால் விண்ணப்பப் படிவமே எத்தனை முறை எழுதினீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். 12 மாதத்தில் ஐந்து முறை வரை எழுதலாம், இரண்டாவது முறை எழுதியவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

கேள்வி: ஜிமேட் இரண்டு முறையும் சரியாக வரவில்லை. இன்னொரு நுழைவுத் தேர்வான ஜிஆர்இக்கு மாறிவிடலாமா?
– இன்னொரு வாசகர்

பதில்: எதில் சறுக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான மேலாண்மைக் கல்லூரிகள் இரண்டையும் ஏற்கின்றன. ஜிஆர்இயில் கணிதப் பகுதியிலும் கால்குலேட்டர் உண்டு, ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போய் வரலாம், மொத்தமே 1 மணி 58 நிமிடம். ஆனால் இப்போதைய ஜிமேட்டில் இல்லாத வடிவியல் அங்கே வருகிறது, கடினமான ஆங்கிலச் சொற்கள் நிறைய வேண்டும், ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். சொல்வளம் உங்கள் பலம் என்றால் மாறுங்கள். நேரம் போதாததுதான் பிரச்சினை என்றால் அங்கேயும் அதே பிரச்சினை காத்திருக்கும். ஜிஆர்இயின் இலவச மாதிரித் தேர்வான பவர்ப்ரெப் ஒன்றை இந்த வாரமே எழுதிப் பார்த்துவிட்டு, என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.